முதல் 512 பைட்: கொங்கு நாட்டில் கணினியைத் துவக்கிய கைகள் பற்றிச் சில குறிப்புகள்

1

கணினி பற்றித் தமிழில் எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. கண்டுபிடித்தவர்களின் வரலாறு ஒன்று. விற்றவர்களின் வரலாறு மற்றொன்று. வாங்கியவர்கள் அதில் வெறும் எண்ணிக்கையாக வருகிறார்கள். பழுது பார்த்தவர்கள் வருவதே இல்லை. காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஆறுக்கு நாலு இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் 'ஓஎஸ் ஏத்தி'க் கொடுத்த பையன் எந்த வரலாற்றிலும் இல்லை. அவன் சட்டைப்பையில் இருந்த பென்டிரைவும் இல்லை.

இந்தக் குறிப்புகள் அந்தப் பென்டிரைவ் பற்றியவை. இயங்குதளத்தை நிறுவுவதற்காகத் தயாரிக்கப்படும் 'பூட்டபிள்' பென்டிரைவ். இவ்வளவு சின்னச் சாமானைப் பற்றிச் சிறுபத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஓர் இயந்திரம் விழிக்கும்போது யாருடைய சொல்லை முதலில் கேட்கிறது என்ற கேள்வி, அந்த இயந்திரம் யாருடையது என்ற கேள்விதான். ரசீது யார் பேரில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

கொங்குப் பகுதிக்கு இது புதிய செய்தி இல்லை. சோமனூர், பல்லடம் பக்கம் போய்ப் பாருங்கள். விசைத்தறி தறிக்காரருடையது. கொட்டகை அவருடையது, மின்கட்டணம் அவருடையது. ஆனால் நூல் ஜவுளி உற்பத்தியாளருடையது. பாவு வந்தால் தறி ஓடும், வராவிட்டால் நிற்கும். தறிக்காரருக்குக் கிடைப்பது மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை ஏற்றித் தரச்சொல்லி எத்தனை வேலைநிறுத்தங்கள் நடந்திருக்கின்றன! சொத்து ஒருவரிடம், அதை ஓட்டும் அதிகாரம் இன்னொருவரிடம் என்ற இந்த அமைப்பைத் தெரிந்தவர்களுக்குக் கணினியின் கதை சுலபமாகப் புரியும்.

2

கணினியில் மின்சாரம் பாய்ந்தவுடன் அதற்கு ஒன்றுமே தெரியாது. தாய்ப்பலகையில் உள்ள சில்லு ஒன்றில் ஒரு சிறு நிரல் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கும். பழைய முறையில் அதற்குப் பெயர் பயாஸ். அது வன்தட்டின் முதல் பகுதியை, அதாவது முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் ஓர் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், 'இனி நீ பார்த்துக்கொள்' என்று பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும். அந்தச் சின்னத் துணுக்கு தன்னைவிடப் பெரிய நிரலைக் கூப்பிடும். அது இன்னும் பெரியதைக் கூப்பிடும். கடைசியில் விண்டோஸோ லினக்ஸோ வந்து உட்காரும். தன் பூட்ஸின் வாரைத் தானே பிடித்திழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்வது என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கிலிருந்து வந்ததுதான் 'பூட்' என்ற சொல்.

இதில் கவனிக்க வேண்டியது, பயாஸ் யாரையும் 'நீ யார்' என்று கேட்கவில்லை என்பது. அடையாளம் இருந்தால் போதும். உள்ளே இருக்கும் வன்தட்டுக்குப் பதிலாக வெளியிலிருந்து ஒரு நெகிழ்தட்டைச் செருகி, 'முதலில் இதைப் பார்' என்றால் பார்க்கும். உள்ளே இருப்பது கெட்டுப்போயிருக்கலாம், வைரஸ் பிடித்திருக்கலாம், யாரோ ஒரு கம்பெனியின் விருப்பப்படி அமைந்திருக்கலாம். வெளியிலிருந்து வருகிறவன் அதையெல்லாம் தாண்டித் தன் சொல்லைக் கேட்க வைக்க முடியும். இயந்திரத்தில் விடப்பட்டிருந்த இந்தத் திறந்த வாசல் வழியாகத்தான் நான் சொல்லவரும் வரலாறு முழுதும் நுழைந்தது.

முதலில் 1.44 எம்பி நெகிழ்தட்டு. 1995-ல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 'எல் டொரிட்டோ' என்ற வரையறையை வெளியிட்டபிறகு குறுந்தகடு. யுஎஸ்பி 1996-ல் வந்தது; பென்டிரைவ் கடைக்கு வந்தது 2000-ல், கொள்ளளவு வெறும் 8 எம்பி. அதிலிருந்து கணினியைத் துவக்குவது எல்லோருக்கும் சாத்தியமாக இன்னும் சில ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியில் லினக்ஸ் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளுக்குத் தபாலில் வந்தது. உபுண்டு வெளியீட்டாளர்கள் 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகடுகளை இலவசமாக அனுப்பினார்கள். இணைய வேகம் இல்லாத காலத்தில் அந்த அட்டை உறை கைமாறிக் கைமாறிப் போனது. பிறகு பென்டிரைவ் மலிவானது, குறுந்தகட்டுக் கதவு மடிக்கணினியிலிருந்தே காணாமல் போனது, கைமாறுவது பென்டிரைவ் ஆனது. 2011-ல் வந்த ரூஃபஸ், 2020-ல் வந்த வென்டாய் போன்ற கருவிகள் அதைத் தயாரிக்கும் வேலையைச் சில சொடுக்குகளாகச் சுருக்கின.

3

கோவையின் இயந்திர வரலாற்றைச் சொல்லும்போது எப்போதும் ஒரு கதையில் தொடங்குவார்கள். கலங்கல் கிராமத்துப் பையன் ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கி, ஓட்டுவதற்கு முன் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டினார் என்பது கதை. பின்னால் 1937-ல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்தார்கள். பைக்காரா மின்சாரம் 1930களில் வந்தது; மில்கள், வார்ப்பட்டறைகள், பம்புசெட் என்று ஊர் வளர்ந்தது. 'பிரித்துப் பார்க்கும் கை' என்பது கோவையின் சுயபிம்பமாகவே கட்டமைக்கப்பட்டுவிட்டது.

இந்தப் பிம்பத்தை நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு மௌனம் இருக்கிறது. பிரித்துப் பார்ப்பவர் முதலாளியாக வளர்ந்தால் அது 'மேதைமை' என்று சொல்லப்படுகிறது. அதே வேலையைக் கூலிக்குச் செய்தால் அது வெறும் 'மெக்கானிக் வேலை'. வார்ப்பட்டறையில் மண் அடித்தவன், மோட்டாருக்குக் காயில் கட்டியவன், இவர்களுடைய கைக்குத் தெரிந்தது ஏட்டில் ஏறவில்லை. யார் எந்த வேலைக்கு என்று சாதி ஏற்கெனவே தீர்மானித்து வைத்திருந்த சமூகத்தில் இது தற்செயலானதல்ல.

மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த பையன் இந்த இரண்டாவது வரிசையின் வாரிசு. பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ பாதியில் விட்டவன். "ஏனுங்க, பூட் ஆகமாட்டீங்குதுங்க" என்று யாராவது கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "வச்சுட்டுப் போங்ணா, சாயங்காலம் வாங்க, ஃபார்மட் அடிச்சுத் தரேன்" என்பான். அந்தப் பதிலுக்குள் எவ்வளவு அறிவு இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவன் ஏற்றிக் கொடுத்தது பெரும்பாலும் திருட்டு விண்டோஸ். இதை ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசுவதில் எனக்கு ஆர்வமில்லை. உரிமத்தின் விலை ஒரு மாதக் கூலிக்குச் சமமாக இருந்த இடத்தில் அது நடந்தே தீரும். ஆனால் அதை 'எதிர்ப்பு' என்று கொண்டாடுவதும் சரியல்ல. சீனாவில் எப்படியும் மென்பொருளைத் திருடத்தான் போகிறார்கள், அது நம்முடையதாக இருக்கட்டும், பழகிவிட்டால் பின்னால் வசூலித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் பில் கேட்ஸ் 1998-ல் பேசியது பதிவாகியிருக்கிறது. மேலாண்மை என்று கிராம்சி சொன்னது இதைத்தான் என்று தோன்றுகிறது. ஆளப்படுகிறவன் தானே முன்வந்து, சந்தோஷமாக, ஆள்பவனின் வேலையைச் செய்கிறான். திருடியதும் நாம்தான், அடிமையானதும் நாம்தான்.

4

இனி அரசு. தமிழகத்தில் இலவச மென்பொருளுக்கு அரசாணைகள் பற்றாக்குறையாக இருந்ததில்லை. சி. உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில், அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. அதே 2007-ல் சென்னை சி-டாக் நிறுவனம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறுவது நல்லது என்று தகவல் தொழில்நுட்பத் துறை சொன்னது.

காகிதத்தில் பார்த்தால் இது ஒரு பெரும் விடுதலைக் கதையாடல். நடந்தது என்ன? மடிக்கணினி வாங்கி வந்த பிள்ளைகளின் வீடுகளில் நான் பார்த்தது இதுதான். முதல் வாரத்திலேயே அது மாடிப்படிக் கடைக்குப் போகும். பாஸ் இருந்த பகுதி அழிக்கப்படும். "அதுல படம் ஓடாதுங்க, கேம் வராதுங்க." வன்தட்டு முழுதும் ஒரே விண்டோஸ். அழித்தவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இரண்டாவது இயங்குதளம் எதற்கு, அது கெட்டால் எப்படி மறுபடி போடுவது என்று பிள்ளைக்கும் யாரும் சொல்லவில்லை, வாத்தியாருக்கும் யாரும் சொல்லவில்லை. தாலுகா அலுவலகத்துக்கு ஆணை போகும். ஆணையோடு பென்டிரைவ் போகாது, அதைச் செருகத் தெரிந்த கை போகாது. 'விலையில்லா' என்ற சொல்லை அரசு எடுத்துக்கொண்டது. 'கட்டில்லா' என்ற பொருள் வெளியில் நின்றுவிட்டது.

5

வாளையாறு தாண்டினால் வேறொரு வரலாறு. கேரளத்தில் 2001-ல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தின் பாடம் முதலில் மைக்ரோசாப்டைச் சுற்றியே அமைந்திருந்தது. ஆசிரியர் சங்கமான கேஎஸ்டிஏ அதை எதிர்த்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தவர் கூடச் சேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் பள்ளிகள் முழுக்க லினக்ஸுக்கு மாறின. பிறகு 'கைட்' என்று பெயர் மாறிய அந்த அமைப்பு, 2019-ல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தன் இயங்குதளத்தை வெளியிட்டபோது, அது 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கானதாக இருந்தது.

இதைச் சொன்னால், "அங்கே இடதுசாரி அரசு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள் நம் தோழர்கள். அது போதாது. 2001-க்குப் பிறகு அங்கே ஆட்சி மாறி மாறித்தான் வந்தது. பள்ளிகளின் லினக்ஸ் போகவில்லை. என் பார்வையில், அது நிலைத்ததற்குக் காரணம் ஆசிரியர்கள். மலையாளமும் வரலாறும் கணக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், பயிற்சி பெற்றுத் தங்கள் பள்ளிக் கணினிகளில் தாங்களே இயங்குதளத்தை நிறுவினார்கள். கெட்டால் தாங்களே மறுபடி போட்டார்கள். 'துவக்கும் கை' பள்ளிக்குள்ளேயே இருந்தது. நாம் இயந்திரத்தைக் கொடுத்தோம். அவர்கள் கையைப் பழக்கினார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப்பக்கம், இயந்திரத்தைப் பிரிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊரில், பிரிக்கத் தெரிந்த கை பள்ளிக்கூடத்துக்கு வெளியே, மாடிப்படிக்குக் கீழேயே விடப்பட்டது. இந்த முரண் பற்றி நாம் யோசித்ததாகத் தெரியவில்லை.

6

அந்தக் கைக்கு என்ன தெரியும்? பீளமேட்டில் ஒரு நண்பரின் வீட்டில், பழைய அரசு மடிக்கணினிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் உயிர்ப்பிக்கும் வேலையில் சிலகாலம் கூடமாட இருந்திருக்கிறேன். கடையிலிருந்து ஒருவர் வந்து சொல்லிக்கொடுப்பார். அவரிடம் கேட்டுக் குறித்தவை இவை. தொழில்நுட்பக் கையேடாக அல்ல, ஓர் அறிவின் ஆவணமாகவே தருகிறேன்.

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தால் துவங்காது. பலரும் முதலில் செய்வது இதுதான். பயாஸ் தேடுவது கோப்பை அல்ல, முதல் பகுதியில் இருக்கவேண்டிய துவக்க நிரலை. ஆகவே கருவி கொண்டு 'எழுத' வேண்டும். எழுதுவதற்கு முன், கோப்பு முழுதாக வந்ததா என்று வெளியீட்டாளர் தரும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டும். பாதி இறங்கிய கோப்பு, நிறுவும்போது பாதி வழியில் காலை வாரும்.

சந்தையில் 64 ஜிபி என்று ஒட்டி விற்கும் மலிவுப் பென்டிரைவுக்குள் 8 ஜிபிதான் இருக்கலாம். எழுதும்போது எதிர்ப்பே காட்டாது, படிக்கும்போதுதான் தெரியும்.

பழைய பயாஸ் வேறு, அதன் இடத்துக்கு வந்த யுஇஎஃப்ஐ வேறு. யுஇஎஃப்ஐ, ஃபேட்32 முறையில் அமைந்த பகுதியில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பைத் தேடும். ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. விண்டோஸ் நிறுவல் கோப்பு அதைத் தாண்டினால் பென்டிரைவைத் தயாரிக்கும் முறையையே மாற்ற வேண்டும்.

விண்டோஸ் 7-ஐ நிறுவும்போது, டிவிடி இயக்கி இல்லை என்று ஒரு பிழைச்செய்தி வரும். டிவிடியே இல்லாத இடத்தில் டிவிடியைக் கேட்கிறதே என்று குழம்புவார்கள். அந்த நிறுவிக்கு யுஎஸ்பி 3.0 தெரியாது, நீலத் துளையிலிருந்து பிடுங்கிக் கறுப்புத் துளையில் செருகினால் பல நேரம் சரியாகிவிடும்.

ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போய், துவக்க வரிசையும் மறந்துபோனால், கெட்டது கணினியல்ல. உள்ளே காசு போல இருக்கும் சின்ன பேட்டரி.

இதில் எதையும் அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. கெட்டுப்போன இயந்திரங்கள் சொல்லிக்கொடுத்தன. அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப்பார்ப்பது, வேறு இயந்திரத்தில் அதே பென்டிரைவைச் செருகிக் கோளாறு எந்தப்பக்கம் என்று பிரிப்பது, இவையெல்லாம் அறிவியல் முறையன்றி வேறென்ன? தமிழில் இது எழுதப்படாமலே இருந்தது என்று சொல்லமாட்டேன். 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவந்திருக்கிறது. ஆனால் கடைக்காரரின் இந்த அறிவும் நம் இலக்கிய, அரசியல் சொல்லாடலும் ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது.

7

இப்போது அந்தத் திறந்த வாசலுக்கு வருகிறேன். 2012-ல் விண்டோஸ் 8-உடன் 'செக்யூர் பூட்' பரவலானது. இனி அடையாளம் மட்டும் போதாது. துவக்க நிரலில் ஒரு கையொப்பம் வேண்டும், அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி தாய்ப்பலகைக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். அநேகமாக எல்லாக் கணினிகளிலும் இருப்பது மைக்ரோசாப்டின் சாவி. லினக்ஸ்காரர்களும் 'ஷிம்' என்ற சிறு நிரலுக்கு அவர்களிடமே கையொப்பம் வாங்கித்தான் உள்ளே போகிறார்கள். சாதாரணக் கணினிகளில் இதை அணைத்துவைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று விண்டோஸ் 8 காலத்தில் விதி இருந்தது. விண்டோஸ் 10 வந்தபோது அது தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

இதற்குச் சொல்லப்படும் நியாயம் பொய்யல்ல. துவக்கப் பகுதியில் ஒளிந்துகொள்ளும் தீநிரல்கள் உண்மையிலேயே இருக்கின்றன. வெளியிலிருந்து வருகிறவன் எப்போதும் நல்லவனாக இருப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆனால் கதவுக்குப் பூட்டுப் போடுவது ஒன்று. சாவியை யார் வைத்திருப்பது என்பது வேறொன்று. நம் வாயில் 'பூட்' என்ற சொல்லும் 'பூட்டு' என்ற சொல்லும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஏர் பூட்டுவதும் பூட்டுதல்தான், கதவைப் பூட்டுவதும் பூட்டுதல்தான். முதலாவது வேலையைத் தொடங்கிவைக்கிறது, இரண்டாவது நிறுத்திவைக்கிறது. இந்த 10, 15 ஆண்டுகளில் முதலாவது இரண்டாவதாக மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம்.

2021-ல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்டது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. நீட்டிப்புக்கு நிபந்தனைகளோடு ஓராண்டு. தட்டச்சு செய்ய, கணக்கு எழுத, படிக்க நன்றாகவே பயன்படும் இயந்திரங்கள் ஒரு தேதியில் 'பழசு' ஆக்கப்பட்டன. இரும்பு தேயவில்லை, தறி உடையவில்லை. பாவு வரவில்லை, அவ்வளவுதான். 2011 தொடங்கி வந்த விலையில்லா மடிக்கணினிகளில் பல இன்றும் பரணில் கிடக்கின்றன. அடுத்து உக்கடத்துப் பழைய சாமான் கடைக்கு எடைக்குப் போகும். அதை உடைத்து உலோகம் பிரிக்கும் வேலையும், அதன் விஷமும் யார் நுரையீரலுக்குப் போகும் என்பதையும் நாம் அறிவோம்.

8

2014-ல் எக்ஸ்பி முடிந்தபோது ஆணை இருந்தது, கை இல்லை. இப்போது ஆணையும் கண்ணில் படவில்லை. ஆனால் கை இருக்கிறது, மாடிப்படிக்குக் கீழே. 2 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியிலும் ஓடக்கூடிய இலகுவான லினக்ஸ்கள் இருக்கின்றன. பென்டிரைவை நேரடியாக அதிலிருந்தே ஓட்டிப்பார்த்து, பிடித்தால் நிறுவலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். வன்தட்டில் ஒரு கீறல் விழாது. இவ்வளவு அச்சமற்ற சோதனையை வேறெந்த இயந்திரமும் அனுமதித்ததாக எனக்குத் தெரியவில்லை.

மாற்றுக் கலாச்சாரம் பற்றி எழுதுகிறோம், தொழில்நுட்பத்தின் அதிகாரம் பற்றி மேற்கத்தியச் சிந்தனையாளர்களின் பெயர்களோடு கட்டுரை எழுதுகிறோம். அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்யும் கணினி கெட்டால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவன் என்ன செய்கிறான் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதுகூட இல்லை. தொழிற்சங்க அலுவலகம், வாசகர் வட்டம், ஊர் நூலகம், ஆசிரியர் சங்கக் கிளை, இவற்றில் எங்காவது மாதம் ஒரு ஞாயிறு, நாலு பழைய மடிக்கணினி, இரண்டு பென்டிரைவ், சொல்லிக்கொடுக்க அந்தக் கடைக்காரர், அவருக்கு அன்றைய கூலி, இவ்வளவு போதும். கூலியை அழுத்திச் சொல்கிறேன். அறிவுக்கு மரியாதை என்று மேடையில் துண்டு போர்த்திவிட்டு, பேருந்துக் காசு கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு.

இதனால் ஏகபோகம் சரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாவி சில்லுக்குள் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கிறது; அணைக்கவே முடியாத பூட்டோடு வரும் இயந்திரங்கள் பெருகும் என்றே தோன்றுகிறது. அப்போது, வாங்கும் இயந்திரத்தின் துவக்கத்தை மாற்றும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று சட்டமாகக் கேட்க வேண்டியிருக்கும். அரசு கொள்முதலிலாவது அந்த நிபந்தனையை வைக்கச்சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். அதைக் கேட்பதற்கு, அப்படி ஓர் உரிமை இருந்தது என்பது முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் தெருவிலேயே, நம் கண்முன்னால், ஒரு பையன் அதை அன்றாடம் பயன்படுத்திக்கொண்டிருந்தான். அவனிடம் இன்னும் கேட்டு எழுத நிறைய இருக்கிறது. நண்பர்கள் தங்கள் ஊரில் யாரிடமாவது கேட்டு எழுதினால், இந்தக் குறிப்புகளை வரலாறாக மாற்றலாம்.